உப்புப் போட்டதும் பிரிந்த ஆல்கஹால்

தண்ணீரும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் (கிருமிநாசினியாகப் பயன்படுவது) எந்த அளவிலும் கலக்கும். கலந்ததைச் சமையல் உப்பை மட்டும் வைத்துத் திரும்பப் பிரிக்கலாம் என்று படித்தபோது நம்பிக்கை வரவில்லை. சரி, செய்தே பார்த்துவிடலாம் என்று ஜன்னலைத் திறந்துவைத்து, பக்கத்தில் நெருப்பு எதுவும் இல்லாமல் உட்கார்ந்தேன்.

99 சதவீத ஆல்கஹால் 50 மில்லி, தண்ணீர் 50 மில்லி. சேர்த்து ஊற்றினால் அளவு உருளையில் 100 வரவில்லை. 97-ஐ ஒட்டி நின்றது. கை தவறிவிட்டதோ என்று புதிதாக அளந்து ஊற்றினேன், அதே கதைதான். இரண்டு வகை மூலக்கூறுகளும் ஒன்றின் இடுக்கில் ஒன்று நெருங்கி உட்காருவதால் கனஅளவு குறைகிறது. உருளையும் லேசாகச் சூடேறியிருந்தது.

நிறம் தெரிய வேண்டுமே என்று அழியாத மார்க்கரின் முனையை அதில் முக்கினேன். முழுக்க ஊதாவாகிவிட்டது. அப்புறம் உப்பு. முதல் கரண்டி கரைந்ததோடு சரி. இரண்டாவது போட்டுக் குலுக்கியதும் கலங்கல். அதைக் கீழே வைத்தவுடன் குட்டிக் குமிழிகள் போன்ற துளிகள் மேலே ஏறத் தொடங்கின. கொஞ்ச நேரத்தில் நடுவே கத்தியால் கீறியதுபோல் ஒரு கோடு! மேலே அடர் ஊதா, கீழே ஏறக்குறைய நிறமில்லை. கீழே லேசான மங்கல் மட்டும் போகவில்லை; உப்பு கட்டி தட்டாமலிருக்கச் சேர்க்கும் பொடியாக இருக்கும்.

சோடியம், குளோரைடு அயனிகள் தண்ணீரைத் தம்மைச் சுற்றி இழுத்துக்கொள்கின்றன. ஆல்கஹாலைப் பிடித்துவைக்கத் தண்ணீருக்குக் கை போதவில்லை. ஆனால் மேலடுக்கு சுத்த ஆல்கஹால் அல்ல. தனியே எடுத்து அளந்தால் 50 மில்லிக்கு மேலேயே இருந்தது. தண்ணீரும் கூடவே ஏறியிருக்கிறது.

அடுத்து தண்ணீரில் கலந்த எத்தனாலில் (மதுவில் இருக்கும் ஆல்கஹால்) முயன்றேன். எவ்வளவு உப்புப் போட்டாலும் கோடு விழவில்லை, உப்புதான் அடியில் குவிந்தது. அதைப் பிரிக்கப் பொட்டாசியம் கார்பனேட் வேண்டும். ஐசோபுரோப்பைலைவிட ஒரு கார்பன் குறைந்ததற்கே தண்ணீரோடு இவ்வளவு ஒட்டுதல்.

எது தண்ணீரோடு கலக்கும் என்று ஊகிக்க உதவும் முனைவுத்தன்மைக்கு (மூலக்கூறில் மின்னூட்டம் ஒரு பக்கம் சாய்ந்திருப்பது), இதுவரை மின்காப்பு மாறிலி (ஒரு பொருள் மின்புலத்தை எவ்வளவு தணிக்கிறது என்ற எண்) அட்டவணையைத்தான் நம்பியிருந்தேன்: தண்ணீர் 80, எத்தனால் 24, தண்ணீரோடு கலக்காத ஹெக்சேன் 2-க்கும் கீழே. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் சாதாரண பியூட்டனாலும் அதில் 20-க்குச் சற்றுக் கீழே, பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஆனால் எண் பக்கத்தில் இருந்தும் பியூட்டனால் 100 மில்லி தண்ணீரில் 7, 8 கிராம்தான் கரையும். அதே நான்கு கார்பன் கொண்ட டெர்ட்-பியூட்டனாலோ எந்த அளவிலும் கலந்துவிடும். நீளமான வால் இல்லாமல் சுருண்ட உருண்டை போன்ற வடிவம் அதற்கு. அது மட்டும் கைக்குக் கிடைத்தால் இதே உப்பை அதிலும் போட்டுப் பார்ப்பேன்.