ஆடிக் காற்றில் போட்ட திட்டம்

அயர்லாந்துப் பயணத்துக்கு முதலில் நான் போட்ட பட்டியலில் எட்டு கோல்ஃப் மைதானங்கள் இருந்தன. வடக்கே ராயல் போர்ட்ரஷ், ராயல் கவுண்டி டவுன். டப்ளின் பக்கம் போர்ட்மார்னக். மேற்கே லஹிஞ்ச், பாலிபனியன், ட்ரலீ. தென்மேற்கு மூலையில் வாட்டர்வில். தெற்கே கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் ஓல்ட் ஹெட். பத்து நாளில் எட்டும். அயர்லாந்து சின்ன நாடுதானே என்கிற தைரியம்! எக்செல்லில் கலர் அடித்து மனைவியிடம் காட்டினேன். அவள் கோல்ஃப் ஆடுவதில்லை, ஆனால் வரைபடம் நன்றாகப் பார்ப்பாள்.

"போர்ட்ரஷ்லருந்து வாட்டர்வில் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல வருது. நீங்க விளையாடுறது எப்போ, வண்டி ஓட்டுறது எப்போ?" என்றாள்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவளுடைய அண்ணன், அதாவது என் மச்சான்தான் இந்தப் பயணத்தில் என் ஆட்டக் கூட்டாளி. மனைவியும் கூட வருவதாக ஏற்பாடு. அவருக்கு ஹேண்டிகேப் 14, எனக்கு 22. இந்த எண் குறைவாக இருந்தால் ஆட்டம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அவரும் பட்டியலைப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை, நம்ம முழங்காலையும் ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்" என்றார். அன்றைக்கே வடக்கை வெட்டினோம். அப்புறம் டப்ளின், ஓல்ட் ஹெட், வாட்டர்வில் என்று ஒவ்வொன்றாகப் போயின. கிளேர், கெர்ரி என்ற இரண்டே மாவட்டங்கள், மிஞ்சிய மூன்றோடு லஹிஞ்சிலேயே உள்ள ஒரு சின்ன மைதானமும் சேர்த்து நாலு மைதானங்கள், நடுவில் வேண்டுமென்றே சும்மா விட்ட நாட்கள். அயர்லாந்துக்கு மட்டையோடு போக நினைப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது பெரும்பாலும் இந்த வெட்டலைப் பற்றித்தான்.

இது நடந்தது ஆடி மாதம். கிளம்பியது அடுத்த ஜூனில். பதினோரு மாதம் முன்னால் திட்டமா என்று சிரிக்க வேண்டாம். பெயர் பெற்ற மைதானங்களில் கோடைக்கால டீ டைம்கள், அதாவது ஆட்டம் தொடங்கப் பதிவு செய்யும் நேரங்கள், முந்தைய ஆண்டே நிரம்பத் தொடங்கிவிடுகின்றன. இவை உறுப்பினர்கள் ஆடும் கிளப்புகள். வெளியாட்களுக்கு என்று சில நாட்களும் சில நேரங்களும்தான் ஒதுக்குவார்கள், வார இறுதி கிடைப்பது கடினம். போட்டி நாட்களையும் பார்த்துக்கொள்ள வேண்டும். லஹிஞ்சில் 1895 முதல் நடந்துவரும் தென் அயர்லாந்து அமெச்சூர் போட்டி ஜூலைக் கடைசியில் வரும். அந்த வாரம் போய் நின்றால் வேடிக்கைதான் பார்க்கலாம். 2027 செப்டம்பரில் லிமெரிக் பக்கம் உள்ள அடேர் மேனரில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் மோதும் ரைடர் கோப்பை நடக்க இருக்கிறது. அந்தச் சமயத்தில் அந்தப் பக்கம் அறை தேடுகிறவர்களுக்கு என் அனுதாபம்.

எனவே வரிசை இதுதான்: முதலில் டீ டைம், அதற்கேற்ப விமான டிக்கெட், கடைசியில் அறை. நாங்கள் தலைகீழாகத் தொடங்கி, விமானத் தேதியை ஒருமுறை மாற்றிக் காசு இழந்தோம்.

காசு என்றதும் அதையும் சொல்லிவிடுகிறேன். லஹிஞ்ச், பாலிபனியன் போன்ற இடங்களில் ஒரு சுற்றுக்குக் கிரீன் ஃபீ, அதாவது ஆட்டக் கட்டணம், 300 யூரோவுக்கு மேல். யூரோ நூறு ரூபாயைத் தொட்டு நிற்கும் காலத்தில் அது முப்பதாயிரம் ரூபாய். அப்படிப் பார்த்தால், சுற்றுக்குச் சுமார் நூறு அடி அடிக்கும் என் ஆட்டத்தில் ஒவ்வொரு அடிக்கும் முந்நூறு ரூபாய் ஆகிறது. மச்சானுக்குக் கொஞ்சம் கூட, அவர் அடிக்கும் எண்ணிக்கை குறைவு என்பதால். எட்டை நாலாக்கியதில் மிச்சமானது முழங்கால் மட்டுமில்லை.

விசாவில் ஒரு குழப்பம் பலருக்கு வருகிறது. ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகவிடும் ஷெங்கன் வட்டத்தில் அயர்லாந்து இல்லை, பிரான்ஸ் விசா இங்கே செல்லாது. வடக்கு அயர்லாந்தோ பிரிட்டனைச் சேர்ந்தது. எல்லையில் சாவடி ஏதும் இருக்காது, கிலோமீட்டர் பலகை மைல் பலகையாக மாறுவதை வைத்துத்தான் தெரியும். ஆனால் விசா விதி உண்டு. இந்தியாவில் விண்ணப்பிப்பவர்களுக்கு ஐரிஷ் விசாவில் பிஐவிஎஸ் (BIVS, பிரிட்டன்-அயர்லாந்து விசாத் திட்டம்) என்ற எழுத்துகள் இருந்தால், முதலில் அயர்லாந்தில் இறங்கிவிட்டுப் பிரிட்டன் பகுதிக்கும் போகலாம். போர்ட்ரஷ் கனவு இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நாங்கள் வடக்கை வெட்டிவிட்டதால் இந்தத் தலைவலியும் தானாகப் போனது. டீ டைம் உறுதிசெய்த மின்னஞ்சல்களைப் பயணத் திட்டத்தோடு இணைத்து அனுப்பினோம். ஹேண்டிகேப் சான்றிதழையும் கையோடு வாங்கிக்கொண்டோம், சில கிளப்புகள் கேட்கும்.

பயிற்சிக்கு எங்களுக்கு ஒரு வசதி இருந்தது. கோயம்புத்தூர்க்காரர்களுக்குப் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ஊர் கோல்ஃப் மைதானம் இருக்கும் செட்டிபாளையத்தில் அந்தக் காற்றில் பந்து அடித்தவனுக்கு அயர்லாந்துக் காற்று என்ன செய்துவிடும் என்று எனக்குள் ஒரு மிதப்பு. காலையில் ரேஸ்கோர்ஸில் நடை, வாரக் கடைசியில் தாழ்வாகப் பந்து அடிக்கப் பழக்கம். நடை நிஜமாகவே உதவியது. அங்கே பெரும்பாலான கடலோர மைதானங்களில் மைதானத்துக்குள் ஓட்டிப் போகும் பக்கி வண்டி மருத்துவக் காரணம் இருந்தால்தான் கிடைக்கும். மணல்மேடு ஏறி இறங்கி நாலைந்து மணி நேரம் நடந்தே ஆக வேண்டும்.

கடலோர மைதானம் என்று நான் சொல்வது லிங்க்ஸ். கடலுக்கும் உழவு நிலத்துக்கும் நடுவே, ஏர் பிடிக்க உதவாத மணல் நிலம். காற்று குவித்த மேடுகள், இடுப்பளவு வளரும் முரட்டுப் புல், மருந்துக்குக்கூட மரம் கிடையாது. அடியில் மணல் என்பதால் மழை பெய்தாலும் தண்ணீர் உடனே இறங்கிவிடும், தரை கெட்டியாக இருக்கும். பந்து விழுந்த இடத்தில் நிற்காது, ஓடும். இதனால் நம் ஊரில் பழகியபடி பந்தை உயரத் தூக்கிக் கொடிக்குப் பக்கத்தில் இறக்குவது அங்கே சூதாட்டம். முப்பது கஜம் தள்ளி இருந்தும் பட்டரை, அதாவது பந்தை உருட்டும் மட்டையை, எடுத்து உருட்டிவிடலாம், யாரும் சிரிக்க மாட்டார்கள்.

சென்னையிலிருந்து துபாய் வழியாக டப்ளின். கோல்ஃப் பை பெரும்பாலும் உங்கள் பெட்டி எடைக்குள்தான் சேரும், டிக்கெட் எடுக்கும்போதே பார்த்துவிடுங்கள். என் மட்டைகள், மழைக்கோட்டு, இரண்டு ஜோடி ஷூ எல்லாம் போட்டபிறகு தராசு எல்லையைத் தொட்டு நின்றது. அதன்மேல் மனைவி ஒரு பெரிய டப்பா இட்லிப் பொடியை வைத்தாள். அயர்லாந்தில் இட்லி எங்கே இருக்கிறது என்று கேட்டேன். பந்து நாலைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றாள். குறைத்தேன்.

டப்ளினில் முதல் அடி விழுந்தது. இணையத்தில் "ஐந்து பேர் அமரும் கார்" என்று பதிவு செய்திருந்தேன். ஐந்து பேர் அமரலாம், வாஸ்தவம்தான். ஆனால் இரண்டு கோல்ஃப் பைகளும் மூன்று பெட்டிகளும் டிக்கியில் போகவில்லை. கவுன்டரில் இருந்தவர் பெரிய வண்டிக்கு மாற்றித் தந்தார், அதற்குச் சொன்ன தொகையில் இன்னொரு சுற்று ஆடியிருக்கலாம். பதிவு செய்யும்போது ஆள் கணக்கைவிட டிக்கி அளவைப் பாருங்கள். ஆட்டோ கியர் வேண்டுமென்றால் தனியாகக் கேளுங்கள், கேட்காவிட்டால் பெரும்பாலும் கையால் மாற்றும் கியர்தான் வரும். மற்றபடி நம்மைப் போலவே இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். கிராமத்துச் சாலைகளில் இரண்டு பக்கமும் வேலி உரசும், எதிரே டிராக்டர் வந்தால் பின்னால் எடுக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

லஹிஞ்சுக்குச் சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம். மறுநாள் அங்கேயே உள்ள காசில் (Castle) என்ற சின்ன மைதானத்தில் ஒரு சுற்று. தட்டையான நிலம், கட்டணமும் குறைவு. பயணக் களைப்பைக் கழிக்க இதைவிட நல்ல வழி இல்லை. பெரிய மைதானத்தில் இறங்கும் முன் ஒரு சின்ன மைதானத்தில் காற்றோடு பேசிப் பழகிக்கொள்வது நல்லது. செட்டிபாளையத்து மிதப்பெல்லாம் அங்கேயே இறங்கிவிட்டது. நம் காற்று ஒரே திசையில் சீறும், வெதுவெதுப்பாக இருக்கும். இது ஈரமும் குளிருமாக வந்து விரலை முதலில் மரத்துப்போகச் செய்கிறது.

பெரிய மைதானத்தை 1894-இல் வரைந்தவர் ஸ்காட்லாந்தின் ஓல்ட் டாம் மோரிஸ். 1927-இல் மைதான வடிவமைப்பாளர் அலிஸ்டர் மெக்கென்ஸி வந்து பெரும்பகுதியைத் திருத்தினார். ஆனால் இரண்டு பழைய குழிகளைக் கிளப்காரர்கள் தொடவிடவில்லை. (முதல் அடி அடிக்கும் இடத்திலிருந்து கொடி வரை உள்ள முழு ஆடுதளத்தையும் குழி என்றுதான் சொல்வோம்.) ஒன்று நாலாவது, கிளோண்டைக். இரண்டாவது அடி ஒரு பெரிய மணல்மேட்டைத் தாண்டிப் போக வேண்டும். மேட்டுக்கு அப்பால் பதினெட்டாவது குழிக்காரர்கள் குறுக்கே நடப்பார்கள் என்பதால், போக்குவரத்துப் போலீஸ் மாதிரி மேலே ஒருவர் நின்று வழிவிடுகிறார். மற்றது ஐந்தாவது, டெல். கொடி கண்ணுக்கே தெரியாது, இரண்டு மேடுகளுக்கு நடுவே பள்ளத்தில் கிடக்கிறது. முன் மேட்டின் மேல் ஒரு வெள்ளைக் கல் மட்டும் இருக்கும். கொடி இருக்கும் இடத்துக்கேற்ப அந்தக் கல்லைத் தினமும் நகர்த்தி வைக்கிறார்கள். கல்லைப் பார்த்து அடிக்க வேண்டியதுதான், மிச்சம் கடவுள் விட்ட வழி. இன்றைக்கு யாராவது இப்படி ஒரு குழி வரைந்தால் வேலையை விட்டு எடுத்துவிடுவார்கள். எனக்கு அந்த வாரத்திலேயே பிடித்த குழி அதுதான். கல்லுக்கு நேராக அடித்துவிட்டு, பந்து என்ன ஆனது என்று தெரியாமல் மேட்டைச் சுற்றி நடந்த அந்த ஒரு நிமிடம்! பந்து பள்ளத்தின் சரிவில் உருண்டு கொடிக்குப் பத்தடியில் நின்றது. அந்தப் பத்தடி உருட்டலையும் தவறவிட்டேன் என்பதை மச்சான் இன்னும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

லஹிஞ்சில் வானிலை சொல்வது ஆடுகள். மழை வரும் என்றால் கிளப் கட்டிடத்துப் பக்கம் ஒதுங்கிவிடுமாம். காற்றழுத்தமானி பழுதானபோது "ஆடுகளைப் பார்க்கவும்" என்று எழுதி ஒட்டிய கதை கிளப்பில் பிரசித்தம். கிளப் சின்னத்திலும் ஆடு உண்டு.

அடுத்த நாள் மனைவிக்கு என்று ஒதுக்கியது. கடலோர மோஹர் பாறைமுகடுகள் பக்கத்தில்தான், உயரமான இடத்தில் 214 மீட்டர். சும்மா விட்ட நாளின் முதல் பலன் அது.

கிளேரிலிருந்து கெர்ரி போக லிமெரிக் நகரைச் சுற்றி நெடுந்தூரம் ஓட்டலாம், அல்லது கில்லிமரில் காரோடு படகில் ஏறினால் ஷானன் ஆற்றின் கழிமுகத்தை இருபது நிமிடத்தில் கடந்து டார்பர்ட்டில் இறங்கலாம். படகில் ஏறுவதே பாதி விடுமுறை. கழிமுகத்தில் டால்பின்கள் நிரந்தரமாக வசிக்கின்றன. எங்களுக்குத் தென்படவில்லை, தென்பட்டதாக மச்சான் சாதிக்கிறார்.

பாலிபனியன் 1893-இல் தொடங்கிய கிளப். கோல்ஃப் சாம்பியன் டாம் வாட்சன் 2000-ஆம் ஆண்டில் இந்தக் கிளப்பின் கேப்டனாக இருந்தார். பில் கிளின்டன் 1998-இல் வந்து ஆடியதற்கு ஊருக்குள் சிலையே வைத்திருக்கிறார்கள். ஆனால் ஆட்டம் தொடங்கும் முதல் டீயில் நிற்கும்போது இதெல்லாம் நினைவுக்கு வராது. வலப்பக்கத்தில் கல்லறைத் தோட்டம் இருப்பதுதான் தெரியும். என் பந்து எப்போதும் வலப்பக்கம்தான் வளையும்! தூரம் அடிக்கும் டிரைவர் மட்டையைப் பைக்குள் வைத்துவிட்டு, அடக்கமாக அடிக்க அயர்ன் மட்டையை எடுத்தேன். என் கேடி, அதாவது பை தூக்கி வழி சொல்லும் ஆள், அறுபது வயதுக்காரர், தலையை மட்டும் ஆட்டினார். புத்திசாலித்தனம் என்கிறாரா, கோழைத்தனம் என்கிறாரா என்று பதினெட்டுக் குழி முடியும்வரை தெரியவில்லை. கேடிக்குத் தரும் பணம் கிரீன் ஃபீயில் சேராது, ரொக்கமாகக் கையில் வைத்திருங்கள். செலவுதான், ஆனால் லிங்க்ஸில் கேடி இல்லாமல் ஆடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு ஆடுவது. 150 கஜத்துக்கு நான் ஏழு நம்பர் அயர்னை எடுத்தபோது, அவர் அதை வாங்கி வைத்துவிட்டு இன்னும் தூரம் போகும் நாலு நம்பரைக் கொடுத்தார். அப்படியும் பந்து முன்னாலேயே விழுந்தது. குழிக்குக் குழி புள்ளி தரும் ஸ்டேபிள்ஃபோர்ட் முறையில் கணக்கு வைத்ததால் பிழைத்தேன், ஒரு குழி நாசமானால் அந்தக் குழியோடு போய்விடும்.

ட்ரலீயைப் பற்றி எழுத அதிகம் இல்லை. அமெரிக்க கோல்ஃப் வீரர் ஆர்னால்ட் பாமர் வடிவமைத்து 1984-இல் திறந்த இடம், படங்களில் அற்புதமாக இருக்கும். நாங்கள் பார்த்தது மழையை. பதினெட்டையும் முடித்தோம், அவ்வளவுதான்.

திரும்பும் வழியில் மறுபடி படகு ஏறி, கடைசி இரவைக் கிளேர் கரையில் ஸ்பானிஷ் பாயின்ட்டில் வைத்திருந்தோம். 1588-இல் ஸ்பெயின் கப்பல்கள் புயலில் சிக்கி உடைந்த கரை, பெயர் அதனால் வந்தது. அங்கே ஒன்பது குழி மைதானம் ஒன்று உண்டு, பட்டியல் எதிலும் இல்லாதது. திட்டத்தில் அன்று ஒன்றுமே இல்லை. சாயங்காலம் ஏழு மணிக்குப் போய் நின்றோம், ஆடலாம் என்றார்கள். கட்டணம் லஹிஞ்சில் கொடுத்ததில் ஒரு துளி. ஜூன் மாதம் அந்தக் கரையில் பத்து மணி வரை சூரியன் நிற்கிறது. மனைவியும் கூட நடந்தாள். ஏழாவது குழியில் என் பட்டரை வாங்கி ஒன்று உருட்டினாள், நான் உருட்டியதைவிடக் கொடிக்குக் கிட்டே போனது. மச்சான் இதையும் கணக்கில் எழுதிக்கொண்டார்.

ஊருக்குள் திரும்பியபோது ஒன்பதரை. பப்பில் கூட்டமும் பாட்டுமாக இருந்தது, ஆனால் சமையலறையை ஒன்பதுக்கே மூடிவிட்டார்களாம். காலையில் வாங்கிய சோடா ரொட்டி பாதி மீதி இருந்தது, தங்கிய வீட்டில் வெண்ணெய் இருந்தது. மனைவி ஒன்றும் சொல்லாமல் பெட்டியைத் திறந்து பொடி டப்பாவை எடுத்தாள்.