தேநீர், தோசை, லாம்டா

முதுகலைப் பொருளியலின் முதல் பருவத்தில் நுண்ணினப் பொருளியல் கோட்பாடும் கணித முறைகளும்தான் ஆளை வடிகட்டும் தாள்கள் என்று மூத்த மாணவர்கள் முன்பே பயமுறுத்தியிருந்தார்கள். நானோ பத்தாம் வகுப்போடு கணக்குக்குப் பெரிய கும்பிடு போட்டுவிட்டு வந்தவன்.

மாறும் வீதத்தைக் காணும் வகையிடல் நினைத்த அளவுக்குப் படுத்தவில்லை. நாலைந்து விதிகள், கை பழகினால் போதும். மல்லுக்கு நின்றது, ஒரு கட்டுப்பாட்டுக்குள் பெருமம் காண உதவும் லக்ரான்ஜ் பெருக்கிதான்; அதைக் குறிக்கும் கிரேக்க எழுத்து லாம்டா. கையிலுள்ள பணத்தைச் செலவு தாண்டாது என்ற வரவுசெலவுக் கட்டுப்பாட்டை லாம்டாவால் பெருக்கி, வாங்கியவற்றால் கிடைக்கும் நிறைவை அளக்கும் பயன்பாட்டுச் சார்போடு சேர்க்கிறோம், வகையிட்டுச் சுழியத்துக்குச் சமப்படுத்துகிறோம், விடை வந்துவிடுகிறது. நடுவில் வந்த லாம்டா யார்? வகுப்பில் அதை நீக்கிவிட்டு மேலே போய்விடுவார்கள்.

விடுதி அறையில் எண்களைப் போட்டுப் பார்த்தேன். கையில் 1000 ரூபாய். தேநீர் 20, தோசை 50. இரண்டின் எண்ணிக்கையையும் பெருக்கினால் வருவதே பயன்பாடு என்று வைத்துக்கொண்டேன். விடை 25 தேநீர், 10 தோசை; பயன்பாடு 250, லாம்டா 0.5. பிறகு வருமானத்தை 1001 ஆக்கினேன். 25.025 தேநீர், 10.01 தோசை. (தோசையை நூறில் ஒரு பங்காகப் பிய்ப்பதெல்லாம் பொருளியலில் மட்டுமே நடக்கும்.) பயன்பாடு ஏறத்தாழ 250.5. கூடுதலாக வந்த ஒரு ரூபாய் அரை அலகு தந்திருக்கிறது. பணத்தின் இறுதிநிலைப் பயன்பாடு, அதாவது கூடுதலான ஓர் அலகு கூட்டும் பயன்பாடுதான் லாம்டா! தோசையின் இறுதிநிலைப் பயன்பாடான 25ஐ அதன் விலையால் வகுத்தாலும் 0.5, தேநீரின் 10ஐ 20ஆல் வகுத்தாலும் 0.5. பதினொன்றாம் வகுப்பில் அட்டவணையோடு மனப்பாடம் செய்த சம இறுதிநிலைப் பயன்பாட்டு விதியேதான். ஜெர்மானியரான கோசன் அதை 1854இலேயே எழுதிவிட்டார்.

விலை மாறும்போது வாங்கும் அளவு மாறுவதை இரண்டு விளைவுகளாகப் பிரிக்கும் ஸ்லட்ஸ்கி சமன்பாட்டுக்கும் இதே கணக்கு கைகொடுத்தது. தேநீர் விலை 25 ஆனால், வாங்குவது 20 ஆகக் குறைகிறது. குறைந்த ஐந்தில், தேநீர் தோசையைவிட விலை ஏறிப்போனதால் விட்டது எவ்வளவு, கை சுருங்கியதால் விட்டது எவ்வளவு? பழைய 25 தேநீரையும் 10 தோசையையும் புது விலையில் வாங்க 1125 ரூபாய் வேண்டும். அந்தப் பணத்தைக் கொடுத்தால் 22.5 தேநீர் வாங்குவோம். ஆக, பதிலீட்டு விளைவு 2.5, வருமான விளைவு 2.5. பொருளியலாளர் ஹிக்ஸின் முறையிலோ பழைய தொகுப்பு வேண்டாம், 250 என்ற பழைய பயன்பாடு கிடைத்தால் போதும். அப்போது பதிலீட்டு விளைவு சுமார் 2.64. விலை மாற்றம் சிறுக்கச் சிறுக்க இந்த இடைவெளி மறைந்துவிடும். 1915இல் ஸ்லட்ஸ்கி எழுதியதும் 1934இல் ஹிக்ஸும் ஆலனும் எழுதியதும் ஒரே சமன்பாட்டில் வந்து நிற்பதற்குக் காரணம் இதுதான்.

கிடைத்த விடை பெருமம்தானா என்று சோதிக்கும் எல்லையிட்ட ஹெஸ்ஸியன் அணிக்கோவை மட்டும் கடைசிவரை மனதில் ஒட்டவில்லை. இரண்டு பொருள்கள் என்றால் அது நேர்க்குறியாக இருக்க வேண்டும், அப்போதுதான் பெருமம் என்பதைக் குறித்து வைத்துக்கொண்டேன். தேர்வில் அதோடு, ஒரே பயன்பாடு தரும் தொகுப்புகளை இணைக்கும், ஆதிப்புள்ளியை நோக்கிக் குவிந்த சமநோக்கு வளைகோட்டையும் வரைந்து சமாளித்தேன். தேறிவிட்டேன், அணிக்கோவையோடு இன்னும் சமாதானம் ஆகவில்லை.