சாத்தான் பரலோகத்துல வொர்ஷிப் லீடரா இருந்தானா?

சாத்தான் பரலோகத்துல வொர்ஷிப் லீடரா, அதாவது பாட்டு ஆராதனைய நடத்துறவனா இருந்தான், பெருமை வந்துச்சு, மூணுல ஒரு பங்கு தூதர்களக் கூட்டிக்கிட்டு கலகம் பண்ணான், தேவன் புடிச்சு கீழ தள்ளிட்டாரு. சண்டே ஸ்கூல்ல இந்தக் கதைய கேக்காம வளர்ந்தவங்க நம்மள்ல ரொம்ப கம்மி. உபவாசக் கூட்டம், யூத் கேம்ப், யூடியூப்னு எங்க போனாலும் இதேதான். ஆனா பைபிள்ல இது ஒரே எடத்துல முழுசா கெடையாது, ஏசாயா 14ல ஒரு துண்டு, எசேக்கியேல் 28ல ஒரு துண்டு, வெளிப்படுத்தல் 12ல ஒரு துண்டுன்னு எடுத்து சேத்து தச்சது. தைக்கிறவங்க மேல எனக்கு கோவம் இல்ல, ஆனா ஒவ்வொரு துண்டும் யாரப் பாத்து சொன்னதுன்னு ஒரு தடவையாவது படிச்சுப் பாக்கணும்ல.

ஏசாயா 14ன்னா எல்லாரும் நேரா 12ஆம் வசனத்துக்குத்தான் போவாங்க, "அதிகாலையின் மகனாகிய விடிவெள்ளியே". கொஞ்சம் மேல 4ஆம் வசனத்துலயே இது பாபிலோன் ராஜாவப் பத்தினதுன்னு பளிச்சுன்னு இருக்கு. ஒப்பாரி மாதிரி இருக்கும், ஆனா முழுக்க நக்கல். அந்த ராஜா செத்து பாதாளத்துக்கு வர்றான், முன்னாடியே செத்துப்போன ராஜாக்கள் எல்லாம் எந்திரிச்சு நின்னு, என்னப்பா நீயும் எங்கள மாதிரி ஆயிட்டியான்னு கேக்குறாங்க, படுக்க புழு, போத்திக்க பூச்சி. அப்புறம் சிறைப்பட்டவங்கள வீட்டுக்குப் போகவிடாம வெச்சிருந்தவன் "இவன்தானா"ன்னு உத்து உத்துப் பாக்குறாங்க. மத்த ராஜாக்களுக்காவது ஆளுக்கொரு கல்லறை கெடச்சுது, இவனுக்கு அதுவும் இல்லாம வெளிய வீசிட்டாங்கன்னு 18, 19ல வருது. சாத்தானுக்கு எதுக்குங்க கல்லறை?

அப்ப சாத்தான் எப்ப உள்ள வந்தான்னா, அது ரொம்ப பழைய கதை. 3ஆம் நூற்றாண்டுலயே தெர்த்துல்லியன்ங்கிற ஆதி சபை எழுத்தாளர் எசேக்கியேல் 28அ பிசாசுக்குப் பொருத்திட்டாரு, அதே நூற்றாண்டு வேத அறிஞர் ஓரிகன் ஏசாயாவையும் சேத்துக்கிட்டாரு. ஓரிகன் சொன்ன காரணத்த அவ்வளவு லேசா தள்ளிட முடியாது, எசேக்கியேல் 28ல வர்ற மாதிரி ஏதேன்ல இருந்தவன், கேருப்ங்கிற தூதன், குற்றமில்லாம இருந்தவன்னு எல்லாம் ஒரு மனுஷ ராஜாவப் பத்தி எப்படி சொல்ல முடியும்னு கேக்குறாரு. பின்னாடி வந்த சபைத் தலைவர் அகஸ்டினும் அந்த வழியிலயே போனாரு. 16ஆம் நூற்றாண்டுல சபைச் சீர்திருத்தவாதி கால்வின் வந்து, ஏசாயா 14ல சாத்தானப் பாக்குறது அறியாமைன்னு காட்டமாவே எழுதிட்டாரு. கவனிங்க, கால்வின் பிசாச நம்பாதவரு இல்ல, தூதர்கள் விழுந்தத நம்புறவருதான், இந்த அதிகாரத்துல அது இல்லைங்கிறாரு அவ்வளவுதான். எனக்கு கால்வின் பக்கம்தான் சாயுது. ராஜாவுக்குப் பின்னாடி ஒரு ஆவி நிக்கிதுன்னு, பெர்சியாவோட அதிபதி தூதனோட எதிர்த்து நிக்கிற தானியேல் 10 வெச்சு யாராவது சொன்னா சரின்னு ஒத்துக்குவேன், ஆனா முன்னாடி நிக்கிற ராஜாவ மறைக்கக் கூடாது.

மறைச்சா என்ன ஆகும்னு எசேக்கியேல்லதான் நல்லாத் தெரியும். 28:13ல மேளவாத்தியமும் நாகசுரமும் வருது, அந்த ஒத்த வரிய வெச்சுதான் சாத்தானுக்கு வொர்ஷிப் லீடர் போஸ்ட் குடுத்தாங்க. ஆனா இந்தப் புலம்பல் கடல் வியாபாரப் பட்டணமான தீருவின் ராஜாவுக்கு, இதுக்கு முந்தின 27ஆம் அதிகாரம் பூரா தீரு பட்டணத்தோட கணக்குப் புத்தகம் மாதிரி இருக்கும். தர்ஷீஸ்ல இருந்து வெள்ளி, இரும்பு, தகரம், ஈயம், இன்னொரு பக்கம் யானைத்தந்தம், கருங்காலி, யூதாவுல இருந்து கோதுமை, தேன், எண்ணெய். நடுவுல 13ஆம் வசனத்துல சத்தமே இல்லாம ஒரு அயிட்டம், மனுஷங்களும் வெண்கலப் பாத்திரங்களும். ஆள் விக்கிற யாவாரம், பாத்திரத்தோட சேத்து ஒரே வரியில. யூதாவோட பிள்ளைங்கள கிரேக்கருக்கு வித்தீங்கன்னு யோவேல் தீர்க்கதரிசியும் தீருவ திட்டுறாரு. இதுக்கப்புறம்தான் 28:16 வருது, "உன் வியாபாரத்தின் மிகுதியினால்" உனக்குள்ள கொடுமை நெறஞ்சுதுன்னு. வானத்துல என்னைக்கோ நடந்த கலகம்னு இத பிரசங்கம் பண்ணிட்டா அந்த அடிமைச் சந்தை மொத்தமா மறைஞ்சு போயிடுது, கேக்குற யாவாரிக்கும் நிம்மதி.

பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் அந்த தீருவ 13 வருஷம் முற்றுகை போட்டான்னு முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதியிருக்காரு. எசேக்கியேல் 29:18 இன்னும் கிட்டப் போய் காட்டுது, சுமந்து சுமந்து சிப்பாய்ங்களுக்கு தலை மொட்டையாகி தோள்பட்டை தோலு உரிஞ்சு போச்சு, அவ்வளவு பாடுபட்டும் கூலி கெடைக்கல, அதனால எகிப்த எடுத்துக்கோன்னு தேவன் சொல்றாரு. இத எந்த உபவாசக் கூட்டத்துலயும் யாரும் பிரசங்கிச்சு நான் கேட்டதில்ல.

மூணுல ஒரு பங்கு தூதர்கள் கணக்கும் வெளிப்படுத்தல் 12:4தான், அங்க தூதர்கள்னு கூட இல்ல, வலுசர்ப்பம் வால்ல இழுத்துப் போட்ட நட்சத்திரங்கள். தானியேல் 8லயும் ஒரு கொம்பு நட்சத்திரங்கள இழுத்துப் போட்டு மிதிக்குது, அது ஒரு கொடுங்கோல் ராஜாவப் பத்தி. அதோட பிரதான தூதன் மிகாவேல் வலுசர்ப்பத்தோட பண்ற யுத்தம் எப்ப வருதுன்னு பாருங்க, அதே அதிகாரத்துல பிள்ளை, அதாவது கிறிஸ்து, பொறந்து தேவனோட சிங்காசனத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டதுக்கு அப்புறம்தான் 7ஆம் வசனம். ஆதியாகமத்துக்கு முன்னாடி நடந்தத யோவான் இங்க சொல்றாருன்னா வரிசையே இடிக்குது. 10ஆம் வசனத்துல இரவும் பகலும் நம்மமேல குத்தம் சாட்டுறவன் தள்ளப்பட்டான்னு பாடுறாங்க, 11ல ஆட்டுக்குட்டியோட இரத்தத்தால அவன ஜெயிச்சாங்கன்னு வருது. அப்ப அந்த வீழ்ச்சி சிலுவையோட சேந்ததுன்னுதான் நான் படிக்கிறேன், லூக்கா 10:18ல சாத்தான் மின்னல் மாதிரி விழுறதப் பாத்தேன்னு இயேசு சொன்னதும் இதுக்கு ஒத்து வருது.

இதெல்லாம் சொன்னா உடனே, அப்ப விழுந்த தூதர்களே இல்லைங்கிறீங்களான்னு ஒரு கேள்வி வரும். இருக்காங்க, யூதா எழுதின நிருபம் 6ஆம் வசனத்துலயும் 2 பேதுரு 2:4லயும் நேராவே எழுதியிருக்கு, வாசஸ்தலத்த விட்டுட்டுப் போன தூதர்கள், இருட்டு, கட்டு, நியாயத்தீர்ப்பு நாள் வரைக்கும் காவல். ஆனா அங்க இசைக்குழுவும் இல்ல, மூணுல ஒரு பங்கும் இல்ல. அந்த வசனங்கள் பேசுறது தேவபுத்திரர் மனுஷப் பொண்ணுங்கள எடுத்துக்கிட்டதா வர்ற ஆதியாகமம் 6ஓட சேந்த கதைய, ஏனோக்கு புத்தகம்ங்கிற பழைய யூத நூல்ல எர்மோன் மலையில 200 பேர் எறங்குனதா வருதே அந்தக் கதைய. யூதா தன்னோட 14, 15ஆம் வசனத்துல ஏனோக்க எடுத்தே சொல்றாரு, எத்தியோப்பிய சபை பைபிள்ல அந்தப் புத்தகம் இன்னைக்கும் இருக்கு. அது தனியா ஒரு நாள் எழுதவேண்டிய விஷயம்.

அதே யூதா 9ஆம் வசனத்துல, மிகாவேலே பிசாசோட தர்க்கம் பண்ணும்போது அவன தூஷிக்கத் துணியல, கர்த்தர் உன்னைக் கடிந்துகொள்வாராகன்னு மட்டும் சொல்லிட்டு விட்டுட்டான். மைக்க கையில புடிச்சா அரை மணி நேரம் சாத்தானத் திட்டுற நம்ம ஊழியக்காரங்க இந்த வசனத்த என்ன பண்றாங்கன்னு யாராவது கேட்டு சொல்லுங்க.