சொல்லும் அதன் சொந்தக்காரரும்

எங்கள் யாழ்ப்பாணப் பள்ளியின் பழைய மாணவர் மலர்க் குழுவினர் என்னிடம் எழுதக் கேட்டது பள்ளிக் கிரிக்கெட் பற்றி. அதை எழுத எங்கள் ஆண்டுப் பிரிவிலேயே என்னைவிடத் தகுதியானவர்கள் லண்டனில் இருக்கிறார்கள். மைதானத்தில் துடுப்போடு நின்றவர்களும் அவர்கள்தான். நான் எழுத விரும்பியது 1990களின் தொடக்கத்தில் எங்களுக்கு இங்கிலிஷ் படிப்பித்த ஆசிரியரை, எங்கள் சேரைப் பற்றி. பெயர் போடவில்லை. அப்போது படித்தவர்களுக்கு ‘டிக்சனறி’ என்ற பட்டப்பெயரே போதும்.

சேர் ஓய்வு பெற்றிருந்தவர். ஆசிரியர் தட்டுப்பாட்டில் திரும்பவும் கூப்பிட்டிருந்தார்கள். அவர் எல்லாப் பாடங்களையும் இங்கிலிஷில் படித்த தலைமுறை. நாங்களோ எல்லாவற்றையும் தமிழில் படித்து, இங்கிலிஷை ஒரு பாடமாக மட்டும் கண்டவர்கள். ஓ.எல். எனும் சாதாரணதரச் சோதனையில் அது பாஸாகிவிட்டால் போதும். சிக்கல் அதற்குப் பிறகுதான். உயர்தரம் வரைக்கும் பௌதிகத்தையும் இரசாயனத்தையும் தமிழில் கரைத்துக் குடித்துவிட்டு, பொறியியல் படிக்கப் பேராதனைக்கோ மொறட்டுவைக்கோ போனால் விரிவுரை இங்கிலிஷில் நடக்கும். 1978 இல் தொடங்கிய யாழ்ப்பாண மருத்துவ பீடத்திலும் அதே கதை. அண்ணன்மார் முதலாம் வருடத்தில் பட்ட பாட்டைக் கேட்டுத்தான் எங்களுக்கு ‘பெரிய இங்கிலிஷ்’ பைத்தியம் பிடித்தது.

அந்தப் பைத்தியத்துக்கு ஊரில் தெரிந்த ஒரே வைத்தியம் மனப்பாடம். தனியார் ரியூசன் நிலையங்களான ரியூட்டரிகளில் சொற்பட்டியல் எழுதிப் போடுவார்கள். எங்கள் வகுப்பில் ஒருவன் லிப்கோ அகராதியை முதற் பக்கத்திலிருந்தே பாடமாக்கத் தொடங்கினான். ‘அபேஸ்’, ‘அப்டிகேட்’, ‘அபோர்’, ‘அபொமினபிள்’ என்று ஏ எழுத்தில் எதைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். பீ எழுத்தில் கேட்டால் தண்ணீர் குடிக்கப் போய்விடுவான். இன்று கனடாவில், ஸ்காபரோவில் நல்ல நிலையில் இருக்கிறான், இந்த மலரும் அவன் கைக்குப் போகும். கோபிக்க மாட்டான் என்று நினைக்கிறேன்.

சேருக்கு இந்தப் பட்டியல்கள் கண்ணில் காட்டக் கூடாது. அவரிடம் இருந்தது பழுப்புத் தாளில் உறை போட்ட ஓர் ஒக்ஸ்போர்ட் அகராதி. இங்கிலிஷைத் தாய்மொழியாகக் கொள்ளாத மாணவருக்கென்றே ஹோர்ன்பி என்பவர் ஜப்பானில் படிப்பித்த காலத்தில் தொகுத்தது. முதலில் 1942 இல் தோக்கியோவில் வெளிவந்தது. 1948 இல் ஒக்ஸ்போர்ட் அதை எடுத்துப் போட்டது. இந்த வரலாற்றை எங்களுக்குச் சொன்னவரும் சேர்தான். “இது வெள்ளைக்காரனுக்கு எழுதின புத்தகம் இல்லை, உமக்கு எழுதினது” என்பார். அதில் பெயர்ச்சொற்களுக்குப் பக்கத்தில் எண்ணத் தக்கது, எண்ணத் தகாதது என்று ஒற்றை எழுத்தில் குறி போட்டிருக்கும். கருத்தைப் பார்க்க முன்னம் அந்தக் குறியைப் பார்க்க வேண்டும் என்பது அவரது சட்டம். ‘அட்வைஸ்’, ‘பேர்னிச்சர்’ ஆகியவற்றுக்கு எஸ் போட்டு எழுதியவன் அன்றைக்குத் தொலைந்தான். பொது நூலகம் பாழடைந்து கிடந்த காலம் அது. அதனால் வகுப்பு முழுவதற்கும் அந்த ஒரு அகராதிதான்.

கொப்பியில் நாலு பத்தி கீறச் சொல்வார். முதலாவதில் சொல். அடுத்ததில் அது வந்த வசனம், வெட்டாமல் முழுதாக. மூன்றாவதில் அதோடு சேர்ந்து வரும் சொற்கள். நாலாவதில் அதோடு சேராத சொற்கள். கருத்துக்கென்று பத்தியே இல்லை! கடைசியில், தேவைப்பட்டால், பென்சிலால் ஓரத்தில் எழுதலாம்.

“கருத்து மட்டும் தெரிஞ்சு என்ன செய்யப் போறீர்? சம்பந்தம் பேசுற மாதிரி விசாரியும். இந்தச் சொல்லின்ர சொந்தக்காரர் ஆர்? ஆற்ற வீட்டுக்குப் போய்வரும், ஆற்ற வீட்டுப் படி மிதியாது?”

ஒருவன் ‘கமிட்’ என்பதற்கு அகராதியில் ‘செய்’ என்று பார்த்துவிட்டு, காந்தி பல நல்ல காரியங்களை ‘கமிட்’ பண்ணினார் என்று கட்டுரையில் எழுதிவிட்டான். சேர் அடிக்கவில்லை. கரும்பலகையில் அந்தச் சொல்லை எழுதி, சுற்றிவர கொலை, களவு, பாவம், பிழை என்று எழுதினார். “இந்தக் கூட்டத்துக்குள்ள மகாத்மாவைக் கொண்டுபோய் விட்டிருக்கிறீர்” என்றார். ‘நொட்டோரியஸ்’ வந்தபோதும் இப்படித்தான். தமிழில் பேர்போன ஆசிரியர் என்றும் சொல்லலாம், பேர்போன கள்வன் என்றும் சொல்லலாம். இந்தச் சொல்லோ கள்வன் வீட்டுக்கு மட்டும் போவது. வகுப்பிலே பேர்போன ஒருவனைக் காட்டி விளக்கினார். அவனும் எழும்பிக் கும்பிட்டான்.

1990 ஆனியில் யுத்தத்தால் போன மின்சாரம் நாங்கள் படித்து முடிக்கும்வரை திரும்பவில்லை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சப் பஞ்சும் கொஞ்ச மண்ணெண்ணெயும் விட்டு எரிக்கும் விளக்கில்தான் படிப்பு. மண்ணெண்ணெய் விற்ற விலைக்கு ஒரு வீட்டில் ஒரு விளக்குத்தான் எரியும். பற்றறிக்கும் அரசின் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோ பாடும். இரவு பிபிசியின் தமிழ் ஒலிபரப்பான தமிழோசை முடிந்த பிறகு, பெடல் சுற்றுகிறவனுக்குக் கை நோகாவிட்டால், பிபிசியின் இங்கிலிஷ் செய்தியையும் பிடிப்போம். அடுத்த நாள் சேர் கேட்பார்: “என்ன சொல்லு வந்தது?”

‘எம்பார்கோ’ வந்தது. பெற்றோல், பற்றறி, சீமெந்து, உரம் எல்லாம் வராத ஊரில் அதற்குக் கருத்து எழுதத் தேவையில்லை. ஆனால் சேர் விடவில்லை. பொருள் போகக் கூடாது என்று அரசு போடும் உத்தரவு எம்பார்கோ. படையை நிறுத்தி வழியை மறிப்பது ‘பிளொக்கேட்’. ‘சாங்ஷன்’ என்பது கொஞ்சம் குளறுபடியான ஆள், அனுமதிக்கும் அதுதான், தண்டனைக்கும் அதுதான், பக்கத்தில் நிற்கிறவரைப் பார்த்துத்தான் எது என்று அறிய வேண்டும். தலைக்கு மேல் பொம்பர் விமானம் சுற்றிய நாட்களில் இந்த மூன்றுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றி ஒரு பாடவேளை முழுவதும் பேசினோம் என்பது இப்போது யோசிக்கச் சிரிப்பாகவும் இருக்கிறது, பெருமையாகவும் இருக்கிறது.

வேர்ச்சொல் சொல்வதிலும் அவருக்கு விருப்பம் அதிகம். ‘டிசாஸ்டர்’ என்றால் பழைய கணக்கில் கெட்ட நட்சத்திரம். “உங்கட அம்மா கிரகம் சரியில்லை எண்டு சொல்லுறதும் இதுதான்.” ‘கண்டிடேட்’ வந்தது ரோமாபுரியில் தேர்தலுக்கு நின்றவர்கள் வெளுத்த அங்கி போட்டதால். வெள்ளை வேட்டி கட்டி வாக்குக் கேட்க வந்தவர்களைப் பார்த்த எங்களுக்கு அது ஒருநாளும் மறக்காது.

எல்லாருக்கும் அவரைப் பிடித்தது என்று சொன்னால் பொய். பின் வாங்குக்காரர் பாதிப்பேர் அந்த நாலு பத்திக்குள் தொலைந்துபோனார்கள். சோதினைக்கு வராததைப் படிப்பித்து நேரத்தை மினக்கெடுத்துகிறார் என்று சில பெற்றோர் அதிபரிடம் முறையிட்டார்கள். அதிலும் நியாயம் இருந்தது. ஓ.எல். வினாத்தாளுக்கு ரியூட்டரிப் பட்டியலே தாராளம். சேரின் படிப்பு சோதனை மண்டபத்துக்கு வெளியிலேதான் வேலை செய்தது.

எனக்கு அது வேலை செய்த இடம் லண்டன் ஈஸ்ட்ஹாமில் நாங்கள் கூட்டமாக இருந்த ஒரு வீடு. தொண்ணூறுகளின் கடைசி. கூட இருந்த அண்ணர் ஒருவருக்கு அவரது அகதி விண்ணப்பம் பற்றி ஹோம் ஒபிஸிலிருந்து, அதாவது பிரித்தானிய உள்துறை அமைச்சிலிருந்து, கடிதம் வந்தது. அதில் ‘எக்செப்ஷனல் லீவ் டு ரிமெய்ன்’ என்று இருந்தது. 2003 வரை நம்மவர் பலருக்குக் கிடைத்த வகை அது. வீடே கூடிவிட்டது. “லீவ் எண்டா போ. ரிமெய்ன் எண்டா இரு. உவங்கள் போகச் சொல்லுறாங்களோ, இருக்கச் சொல்லுறாங்களோ?” அண்ணரின் முகம் வெளிறிப்போய் இருந்தது. நான் அந்தச் சொல்லைப் பார்க்கவில்லை, பக்கத்து வீட்டைப் பார்த்தேன். ‘கிராண்டட்’ என்று இருந்தது. யாரும் ‘போ’வைக் கொடுக்க முடியாது. கொடுக்கக்கூடியது அனுமதி. “இருக்கலாம் அண்ணை” என்றேன். நான் சொல்லி அவர் நம்பவில்லை. அடுத்த நாள் சட்டத்தரணியின் அலுவலகத்தில் கேட்ட பிறகுதான் இறைச்சி வாங்கிச் சமைத்தார்.

இப்போது என் மகள், சோதனை வைத்துப் பிள்ளைகளை எடுக்கும் கிராமர் பள்ளிகளில் சேருவதற்கான லெவன் பிளஸ் சோதனைக்குப் படிக்கிறாள். சட்டன் பக்கத்து கிராமர் பள்ளிகளுக்கு நம்மவர் பிள்ளைகள் எப்படி ஓடுகிறார்கள் என்பது இதை வாசிக்கிற லண்டன்காரருக்குத் தெரியும். ரியூசனில் சொற்பட்டியல் கொடுக்கிறார்கள்: ஒரு பக்கம் சொல், மறுபக்கம் ஒத்த சொல். ‘பெனவலண்ட்’ என்றால் ‘கைண்ட்’. அவள் வசனம் எழுதினாள்: “அம்மா எனக்கு ஒரு பெனவலண்ட் தோசை சுட்டார்.” இங்கே பிறந்து இங்கிலிஷிலேயே சண்டை பிடிக்கிற பிள்ளை! காந்தியைக் கள்ளர் கூட்டத்தில் விட்டவன் இங்கிலிஷ் போதாமல்தான் அப்படி எழுதினான் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். அப்படியில்லை, பட்டியல் யாரையும் அங்கேதான் கொண்டுபோய் விடும்.

பட்டியலை நான் பறிக்கவில்லை. ஒத்த சொல்லைத் தெரிவு செய்கிற வினாக்களுக்கு நிமிடக் கணக்கில்தான் நேரம், அங்கே பாடமாக்கியவர்தான் வெல்வார். அவளுடைய கொப்பியின் கடைசிப் பக்கங்களில் மட்டும் நாலு பத்தி கீறிக் கொடுத்திருக்கிறேன். வாரத்துக்குச் சில சொற்கள். முறைத்துக்கொண்டுதான் எழுதுகிறாள், ஆனால் சேராத சொற்களின் பத்தியை நிரப்ப மட்டும் அவளுக்கு நல்ல விருப்பம், வேண்டுமென்றே விசர்த்தனமாக எழுதிவிட்டுச் சிரிப்பாள்.

ஒரு வேண்டுகோள். சேர் தன் கைப்பட எழுதி, கையிலிருந்து கைக்கு மாற்றிப் பிரதி பண்ணச் சொன்ன சொற்தாள்கள் எங்கள் ஆண்டில் பலரிடம் இருந்தன. யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறிய 1995 ஐப்பசி இடப்பெயர்வில் என்னுடையவை வீட்டோடு போய்விட்டன. யாராவது பெட்டியில் போட்டு வன்னிக்கோ கொழும்புக்கோ கொண்டுபோய், அங்கிருந்து கடல் தாண்டியும் வைத்திருந்தால், ஒரு படம் எடுத்து மலர்க் குழுவுக்கு அனுப்பிவையுங்கள். நாலாவது பத்தியும் தெரிகிற மாதிரி எடுங்கள்.