கலங்கல் தண்ணீரில் விரால்

கொள்ளிடத்தில் புதுத்தண்ணீர் வந்து நாலு நாள். டீ நிறத்தில் ஓடுகிறது. முழங்கால் ஆழத்தில் நம் பாதமே தெரியவில்லை. "இந்தக் கலங்கல்ல தூண்டில்ல இரையா நீ கட்டியிருக்கிற ரப்பர் தவளையை எந்த மீன்டா பார்க்கும்?" என்று மச்சான் சிரித்தான். பார்க்கவே வேண்டாம். மீனின் விலாவில் ஓடும் உணர்வுக்கோடு, தண்ணீரின் அதிர்வைப் பிடித்துவிடும். நான் போட்டது கறுப்புத் தவளை. கீழிருந்து பார்க்கும் விராலுக்கு, வானத்துக்கு எதிரே நிழலாகத் தெரியும். எப்படியும் மூச்சுவிட மேலே வருகிற மீன்தானே அது!

நாணல் ஓரமாக இரண்டு இழுப்பு, ஒரு நிறுத்தம். மூன்றாவது வீச்சில் 'பளக்'! அவசரப்பட்டுத் தூண்டிலைச் சுண்டிவிட்டேன். ஒரு நொடி பொறுத்திருந்தால் தவளை முழுசாக வாய்க்குள் போயிருக்கும். வெறும் தவளை பறந்து வந்து மச்சான் மடியில் விழுந்தது. இன்னும் சிரிப்பை நிறுத்தவில்லை, பாவி.