தெருவில் இருப்பவர்களும் பட்டியலில் இருப்பவர்களும்

மதுரையிலிருந்து தேனி செல்லும் சாலையில் நாகமலைபுதுக்கோட்டையைக் கடப்பவர்கள் இதை மாணவர்களின் ஊர் என்றே எண்ணுவார்கள். 1965-இல் தொடங்கிய வெள்ளைச்சாமி நாடார் கல்லூரியும், மறு ஆண்டு உருவாகிப் பின்னாளில் காமராசரின் பெயரைப் பெற்ற பல்கலைக்கழகமும் இந்த மலையடிவாரத்தின் அன்றாட வாழ்வையே மாற்றிவிட்டன. ஜெராக்ஸ் கடை, மெஸ், மாடியில் வாடகை அறை என்று ஊரின் வரும்படி பெரும்பாலும் மாணவர்களைச் சார்ந்தது. ஆனால், தேர்தல் நேரத்தில் பூத் ஏஜென்ட் மேசையில் விரித்து வைக்கும் வாக்காளர் பட்டியலில் அந்த மாணவர்களைத் தேடினால் கிடைப்பது அரிது. அதில் இருப்பவர்கள் பழைய குடும்பத்தினர், கடைக்காரர்கள், மனை வாங்கிக் குடியேறிய ஓய்வுபெற்ற ஊழியர்கள் ஆகியோரே. பேராசிரியர்களிலும் பலர் நகரத்தில் குடியிருந்து அங்கேயே வாக்களிக்கிறார்கள்.

இது சட்டத்தினால் நேர்ந்ததன்று. 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், ஒருவர் வழக்கமாக வசிக்கும் இடத்தில் அவர் பெயரைச் சேர்க்கச் சொல்கிறது. விடுதியிலோ வாடகை அறையிலோ தங்கிப் படிப்பவர் சொந்த ஊரில் பதிவு செய்துகொள்ளலாம். விரும்பினால் படிக்கும் ஊரிலும் பதிவு செய்துகொள்ளலாம். இரண்டு இடங்களிலும் பெயர் இருக்கத்தான் கூடாது. பெரும்பாலான மாணவர்கள் வீட்டு முகவரியிலேயே இருந்துவிடுகிறார்கள். அம்மா, அப்பாவோடு வரிசையில் நின்று வாக்களிப்பதில் ஒரு நிறைவு இருப்பது உண்மைதான். ஆயினும் தேர்தல் நாள் செமஸ்டர் தேர்வை ஒட்டி வந்தால், ஆரப்பாளையத்திலோ மாட்டுத்தாவணியிலோ பேருந்துக்கு முண்டியடிக்க மனமின்றிப் பலர் விடுதியிலேயே தங்கிவிடுவதையும் பார்க்கிறோம்.

சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் இதனால் பெரிய இழப்பில்லை என்று ஒருவர் வாதிடலாம். ஊராட்சித் தேர்தலில் அந்த வாதம் நிற்காது. சட்டமன்றப் பட்டியலிலிருந்தே ஊராட்சிப் பட்டியலும் தயாராவதால், சட்டமன்றத்துக்குச் சொந்த ஊரில் வாக்களித்துவிட்டு ஊராட்சிக்கு இங்கே வாக்களிப்பது இயலாது. கிராமத்து வாக்காளர் வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் என நான்கு வாக்குச் சீட்டுகளில் முத்திரை குத்துகிறார். இவற்றுள் முதல் இரண்டு பதவிகளுக்குக் கட்சிச் சின்னம் கிடையாது. அங்கே சொந்தபந்தமும் தெருக்கட்டும், யார் வீட்டு நல்லது கெட்டதுக்கு யார் வந்தார் என்பதுமே பேசும். ஒற்றை வாக்கில் வெற்றி, சமமாகிப் போனால் குலுக்கல் என்றெல்லாம் நடக்கும் தேர்தல் அது. அத்தகைய இடத்தில் ஒரு விடுதியின் வாக்குகள் சேர்ந்தால் கணக்கு முழுவதும் மாறிவிடும் என்பது ஊர்க்காரர்களுக்குத் தெரியும். ஆகையால் மாணவர் பதிவைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை என்பது என் எண்ணம்.

வாக்கு இல்லாத மாணவர்கள் தேர்தலையே மாற்றிய காலமும் இப்பகுதியில் உண்டு. 1965 ஜனவரியில் மதுரையில் வெடித்த இந்தி எதிர்ப்புப் போராட்டத்துக்குப் பின் வந்த 1967 தேர்தலில், மாணவர் தலைவராக அறியப்பட்ட பெ. சீனிவாசன் விருதுநகரில் காமராசரை 1,285 வாக்குகளில் தோற்கடித்தார். அப்போது வாக்குரிமை வயது 21. அது 18 ஆனது 61-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தின்படி, 1989-இல்தான். அன்று தெருத்தெருவாகப் பிரசாரம் செய்த இளைஞர்களில் பலருக்கு வாக்கில்லை. அவர்கள் தங்கள் வீட்டாரின் வாக்கைத்தான் மாற்றினார்கள். இன்றைய மாணவர்களுக்கு வாக்கு இருக்கிறது, ஆனால் அவர்கள் வசிக்கும் ஊரில் இல்லை.

இதில் எனக்கு உறுத்துவது வேறொன்று. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் விடுதியில் வசிப்பவர்கள் விடுதியிருக்கும் ஊரின் கணக்கில் சேர்க்கப்படுகிறார்கள். ஊராட்சிகளுக்கு நிதி பகிரும்போது மக்கள்தொகையும் பார்க்கப்படுகிறது. எனவே பணம் வரும்போது அவர்கள் ஊரின் தலைக்கணக்கில் இருக்கிறார்கள். தெருவிளக்கு எரியவில்லை, கழிவுநீர் தேங்குகிறது என்று சொல்ல வரும்போது வெளியாட்களாகிவிடுகிறார்கள். கிராமசபையின் உறுப்பினர்கள் என்போர் பட்டியலில் பெயர் உள்ளவர்களே. ஆண்டுக்கு ஆறு முறை கூடும் அந்தச் சபையில், இங்கே நான்கைந்து ஆண்டுகள் வசிக்கும் ஆய்வு மாணவிக்கு இடமில்லை.

மூன்றாண்டுப் பட்டப்படிப்புக்கு வருபவர்கள் அனைவரும் இங்கே பதிவு செய்ய வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஐந்தாண்டுக்கான தலைவரைத் தேர்ந்தெடுத்துவிட்டு மறு மாதமே ஊரைவிட்டுப் போவது, இங்கேயே கிடக்கப்போகிறவர்களுக்கு நியாயமாகாது. முனைவர் பட்ட ஆய்வாளர்களின் நிலை அப்படியன்று. அவர்கள் படிவம் 8 கொடுத்துப் பெயரை இங்கே மாற்றிக்கொள்வதே முறை. கல்வி நிலையங்களில் நடக்கும் வாக்காளர் தின விழாக்களில் உறுதிமொழி எடுக்க வைக்கிறார்கள். எந்த ஊரில் பதிவு செய்வது என்ற கேள்வியை அங்கே யாரும் எழுப்பி நான் கேட்டதில்லை.

மதுரை மாவட்டத்தில் 2019 டிசம்பரில் ஊராட்சித் தேர்தல் நடந்தது. அப்படித் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் நாள் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போயிற்று. 2020-இல் கல்லூரியில் சேர்ந்து 2023-இல் பட்டம் பெற்றுச் சென்றவர், பெயரை இங்கே மாற்றியிருந்தாலும் ஒரு ஊராட்சித் தேர்தலைக்கூடக் கண்டிருக்க மாட்டார்.