பொய்த்தது, பொய்யாக்கினார்கள், பொய்ப்பித்தார்கள்

பல ஆண்டுகள் கணக்குத் தணிக்கை செய்தவன் நான். இப்போது அறிவியல் கட்டுரைகளுக்கு மெய்ப்புப் பார்த்துக் கொடுக்கிறேன். சமீபத்தில் கைக்கு வந்த ஒரு கட்டுரையில் இப்படி இருந்தது: '1919ஆம் ஆண்டு சூரிய கிரகணத்தின்போது ஐன்ஸ்டைனின் கோட்பாட்டைப் பொய்யாக்கும் வாய்ப்பு வானியலாளர்களுக்குக் கிடைத்தது.' படித்ததும், ஏதோ சதி நடந்ததுபோல் தோன்றியது. சூரியனை ஒட்டி வரும் நட்சத்திர ஒளி எவ்வளவு வளைகிறது என்று நேர்மையாக அளக்கப் போனவர்கள் அவர்கள்! பேனாவை அங்கேயே வைத்துவிட்டேன்.

தமிழில் 'பொய்' என்பது தனியாகவே ஒரு வினை. மழை பொய்த்தது, கணிப்பு பொய்த்தது, நம்பிக்கை பொய்த்தது என்கிறோம். இங்கெல்லாம் பொய் சொன்ன ஆள் என்று யாரும் இல்லை. வரவேண்டியது வரவில்லை, அவ்வளவுதான். 'வான் பொய்ப்பினும் தான் பொய்யா' என்று காவிரியைப் பட்டினப்பாலை பாடுவதும் இந்தப் பொருளில்தான். ஆள் செய்யும் பொய்க்கும் இதே வினை ஒருகாலத்தில் பயன்பட்டது. 'தன்நெஞ் சறிவது பொய்யற்க' என்ற குறளில் பொய்ப்பவன் மனிதன். இன்று அந்த வேலையைப் 'பொய் சொல்' எடுத்துக்கொண்டது. 'அவன் பொய்த்தான்' என்று பேச்சில் யார் சொல்கிறார்கள்? மழைக்கும் கணிப்புக்கும் மட்டும் பழைய வினை தங்கிவிட்டது. எனக்கு அதில் ஒரு சந்தோஷம்தான்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், தானாகப் பொய்க்காத ஒன்றை ஒருவர் பொய் ஆக்கும்போது. 'எல்லோருடைய கணிப்பையும் பொய்யாக்கி வென்றார்' என்றால் பாராட்டு. 'சாட்சியத்தைப் பொய்யாக்கினார்' என்றால் குற்றச்சாட்டு. எழுவாயை விட்டுவிட்டுச் செயப்படுபொருளைப் பார்த்துத்தான் நாம் நல்லது கெட்டது முடிவுசெய்கிறோம். கோட்பாடு இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது.

தணிக்கையில் இருந்தபோது இந்த வினையை நாங்கள் தொட்டதே இல்லை. 'கணக்கைப் பொய்யாக்கினார்கள்' என்று யாரும் பேசமாட்டார்கள். பொய்க் கணக்கு எழுதினார்கள், ரசீதை ஜோடித்தார்கள், தேதியைத் திருத்தினார்கள் என்போம். கடைசிச் சொல்லைக் கவனியுங்கள்: பிழையைச் சரிசெய்வதும் திருத்துவதுதான், மோசடி செய்வதும் திருத்துவதுதான். ஆனால் எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தே ஆளைப் பிடித்துவிடலாம். பல மாதத்து வவுச்சர்கள் ஒரே பேனா மையில், ஒரே சாய்வில், ஒரே அவசரத்தில் எழுதியிருந்தால் உட்கார்ந்து ஜோடித்தது என்று பார்த்தவுடன் தெரியும். உண்மையான ரசீதுகள் கசங்கியிருக்கும், கையெழுத்து மாறும், ஒன்றிரண்டு காணாமலும் போயிருக்கும்.

சரி, கோட்பாட்டுக்கு வருவோம். ஒரு கூற்று அறிவியல் என்று சொல்லிக்கொள்ள வேண்டுமானால், எது நடந்தால் அது தவறு என்று ஒப்புக்கொள்வோம் என்பதும் தெரிய வேண்டும். அறிவியல் தத்துவ அறிஞர் கார்ல் பாப்பர் 1934இல் வெளியிட்ட நூலின் மையக் கருத்து இது. இதற்குத்தான் 'பொய்ப்பி' என்ற வினை எனக்குப் பிடித்திருக்கிறது. 'மெய்ப்பி' எல்லோருக்கும் பழக்கம். அதன் அருகில் வைத்தாலே பொருள் விளங்கிவிடும்: ஒன்று உண்மை என்று காட்டுவது, மற்றது பொய் என்று காட்டுவது. ஜோடிப்பதற்கு இதில் இடமில்லை.

பொய்ப்பதும் பொய்ப்பிப்பதும் ஒன்றல்ல என்பதற்கு பிரெஞ்சு வானியலாளர் லெவெரியேயின் கதை போதும். யுரேனஸ் கணக்கிட்ட பாதையில் போகவில்லை. கணிப்பு பொய்த்தது. அதற்காக யாரும் நியூட்டனின் ஈர்ப்புக் கோட்பாட்டைத் தூக்கிப்போடவில்லை. வெளியே இன்னொரு கோள் இழுக்கிறது என்று லெவெரியே கணக்கிட்டுச் சொன்னார், 1846இல் நெப்டியூன் அகப்பட்டது. அப்புறம் புதன் முரண்டு பிடித்தது. அதன் பாதை நூறாண்டுக்குச் சுமார் 43 வில்விநாடி (ஒரு பாகையை 3600 ஆகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு வில்விநாடி) கூடுதலாகத் திரும்புகிறது. இந்த முறையும் ஒரு கோள்தான் காரணம் என்று நினைத்தார், வல்கன் என்ற பெயரும் விழுந்தது. எவ்வளவு தேடியும் அப்படியொரு கோள் கிடைக்கவில்லை. 1915இல் ஐன்ஸ்டைனின் கோட்பாடு அந்த 43ஐ வேறெந்தக் கோளும் இல்லாமலே விளக்கியது. ஒரே ஆள், ஒரே உத்தி; ஒருமுறை கோட்பாட்டைக் காப்பாற்றியது, மறுமுறை முடியவில்லை. பொய்த்தது என்ன என்று வானம் சொல்லும். பொய்ப்பித்தது எதை என்று மனிதர்கள் உட்கார்ந்து வாதாட வேண்டியிருக்கிறது.

அந்தக் கட்டுரையில் 'கோட்பாட்டைப் பொய்ப்பிக்கக்கூடிய வாய்ப்பு' என்று மாற்றிக் கொடுத்தேன். எழுதியவர் ஒத்துக்கொண்டார். ஆனால் சில பத்திகள் தள்ளி 'பொய்ப்பிப்புத்தன்மை' என்று ஒரு பெயர்ச்சொல் கிடந்தது. வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், நாக்கு சுளுக்கிக்கொள்ளும். அதை மட்டும் உடைத்து 'எந்தச் சோதனை இதைப் பொய்ப்பிக்கும்?' என்று கேள்வியாகவே எழுதிவிட்டேன். அதற்கு இன்னும் பதில் வரவில்லை.